பாட்டு சாரின் காது

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், நாலு நல்ல வார்த்தை எழுதிக் கடைசியில் ஒரு கும்பிடு போட வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். என்னிடம் அதெல்லாம் நடக்காது. பெயரையும் எழுதப்போவதில்லை. அவர் பெயரை எழுத மெட்ராஸில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நான் வேறு எதற்கு? பழவேற்காட்டில் எங்கள் குப்பத்துக்காரர்கள் அவரைப் பாட்டு சார் என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்தப் பட்டம் அவருக்கு ஆகாது. "நான் பாட்டு வாத்தியார் இல்லைங்க, கம்போஸர்" என்பார். எங்கள் சித்தப்பா, நைனாவின் தம்பி, ஒருநாள் சும்மா இருக்காமல், "அப்டின்னா இன்னா சார்?" என்று கேட்டுவிட்டார். வந்தது வினை. வெள்ளைக்காரன் வாத்தியத்தில் வாசிக்கிற இந்தக் காலத்துச் சங்கீதத்தை உட்கார்ந்து எழுதுகிறவர் தான் என்றும், சினிமாப் பாட்டெல்லாம் குப்பை என்றும், சபாவில் பாடுகிறவர்கள் தாத்தா பாடினதையே திருப்பித் திருப்பிப் பாடுகிறார்கள் என்றும் மண்டை காயும் வெயிலில் நிற்கவைத்து விளக்கினார். சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ கல்யாணத்துக்கு வாசிக்க மாட்டீங்க" என்றார். "மாட்டேன்" என்றார் சார். "சரி சார்" என்று வலையைத் தோளில் போட்டுக்கொண்டு சித்தப்பா போய்விட்டார்.

அவர் எங்கள் ஊருக்கு வந்ததே டச்சுக்காரர்களுக்காகத்தான். உயிரோடு இருக்கிற டச்சுக்காரர்கள் இல்லை. எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து, கோட்டை கட்டி, துணி வியாபாரம் பண்ணி, காய்ச்சலில் செத்து, மண்டையோடு செதுக்கின கல்லுக்கடியில் படுத்திருக்கிறார்களே, அவர்கள். அவர்கள் காலத்துப் பழவேற்காட்டைப் பற்றி ஒரு பெரிய சங்கீதம் எழுதினால் ஹாலந்திலிருந்து ஆட்கள் வந்து கேட்பார்கள், பிடித்துப்போனால் அங்கே கூட்டிப்போவார்கள் என்று அவருக்கு யாரோ ஆசை காட்டியிருந்தார்கள். டச்சுக் கல்லறைக்கு எதிர்வீட்டை வாடகைக்குப் பிடித்தார். எழுதி முடிக்கிறவரை சோற்றுக்கு வழி வேண்டுமே, அதனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு வயலினும் கோரஸும் சொல்லிக்கொடுத்தார். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறபோதெல்லாம் வேண்டாத விருந்தாளிக்குக் காப்பி கொடுக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

ஒல்லியான ஆள். கசங்காத முழுக்கைச் சட்டை. யாராவது பேசினால் இடது காதை அவர்கள் பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். குப்பத்து ஜனம் ஏமாந்தது அந்தச் சாய்ப்பில்தான். எங்கள் பேச்சை அதுவரை யார் அப்படிக் காது கொடுத்துக் கேட்டார்கள்? எந்த ஆபீஸுக்குப் போனாலும் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் பேப்பரைப் பார்த்துக்கொண்டே "அப்புறம் வா" என்பான். இவரோ எதிரே நின்று, கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மூட்டுவலியிலிருந்து மருமகள் தொல்லை வரை பெண்கள் அவரிடம் கொட்டினார்கள். மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்று சொன்னவர்களும் உண்டு.

அவர் காதில் வார்த்தை ஏறாது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ரொம்ப நாள் ஆயிற்று. சத்தம் மட்டும்தான் ஏறும். ஏறினது அப்படியே உள்ளே உட்கார்ந்துகொள்ளும்.

குழாயடியில் காசியம்மாவுக்கும் தேசம்மாவுக்கும் நடந்த சண்டையில்தான் முதலில் வெளிச்சமானது. தண்ணீர் வராத நாள். வரிசையில் இருந்த குடத்தை யார் நகர்த்தினது என்பதில் தொடங்கி, யார் புருஷன் எங்கே குடித்துவிட்டு விழுந்தான் என்பது வரை போய்விட்டது. சார் அந்த வழியாக வந்தவர் நின்றார். காதைச் சாய்த்தார். பஞ்சாயத்துப் பண்ண ஒரு பெரிய மனுஷன் கிடைத்தார் என்று இரண்டு பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"நீயே கேளு சார், நான் வச்ச குடத்த இவ எட்டி ஒதச்சா!" என்றாள் தேசம்மா.

"பொய் சொல்றா சார், பேஜார் புடிச்சவ!" என்றாள் காசியம்மா.

சார் தேசம்மாவிடம் கையைத் தூக்கிக் காட்டினார். "நீங்க இன்னும் கொஞ்சம் மேலே போங்கம்மா. அவங்க கீழேயே இருக்கட்டும். ரெண்டும் சேர்ந்தா பிரமாதமா வருது."

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் தேசம்மாதான் ஆரம்பித்தாள். "இன்னாது, மேலே போறதா? கஸ்மாலம்! நாங்க இங்க வயிறெரிஞ்சி கத்திக்கினு கீறோம், ஒனக்கு கச்சேரியா?" காசியம்மாவும் அவளோடு சேர்ந்துகொண்டாள். சண்டை போட்ட இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று அந்த ஆளைத் திட்டினார்கள். அதையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுத்தான் போனார்.

ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். லூர்து மேரி மாடிப்படியில் உருண்டு விழுந்த அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு நின்றது. என் வகுப்புப் பெண் அவள். மணிக்கட்டு ஒடிந்து அலறினாள். சார் ஓடிவந்தார். ஓடிவந்தவர் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காதைச் சாய்த்தார். "முதல்ல கத்தினே பாரு, அந்த ஸ்வரத்தை விட்டுடாதே. இழுத்துப் பிடி" என்றார். அந்தக் குழந்தை வலியை மறந்து அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

எனக்கும் நடந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு என்னை ஆரம்பாக்கத்தில் அத்தை மகனுக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. நைனாவுக்கு சார் மேல் மரியாதை. அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் நைனா கேட்பார் என்று நினைத்து, அழுதுகொண்டே போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டார். நான் முடித்ததும், "செல்வி, அழுறப்போ உன் குரல்ல கீழே ஒரு நடுக்கம் வருது. இவ்வளவு நாளா எங்கே வச்சிருந்தே? கோரஸ்ல போட்டுக்கலாம்" என்றார். அப்புறம் நைனாவிடம் நானே சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து, படிப்பைக் காப்பாற்றிக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். அந்தக் காது சாதாரணக் காது இல்லை. பொன்னேரி பஸ் வளைவில் திரும்பும்போதே ஹார்னை வைத்து எந்த டிரைவர் என்று சொல்லிவிடுவார். வகுப்பில் அத்தனை வயலின் ஒன்றாகக் கத்தும்போது மூன்றாவது வரிசையில் இரண்டாவது பெண்ணின் தந்தி இறங்கியிருக்கிறது என்பார், இறங்கித்தான் இருக்கும். இன்றைக்கும் எந்த வயலினைக் கையில் கொடுத்தாலும் என்னால் சுதி சேர்த்துவிட முடியும். அது அவர் கொடுத்ததுதான். வாசிக்க மட்டும் மாட்டேன்.

இனிமேல் அம்மாவின் கூவலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் ஏரி மேல் பனி இறங்கினால், படகில் முன்னால் நிற்பவனுக்குப் பின்னால் நிற்பவன் தெரிய மாட்டான். இருட்டோடு இறாலுக்குப் போன படகுகள் திரும்புகிற நேரத்தில் கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் தத்தளிக்கும். அப்போது அந்தந்தத் துறையில் அந்தந்த வீட்டுப் பெண் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று கூப்பிடுவாள். பெயர் கிடையாது, வார்த்தை கிடையாது, வெறும் குரல். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விதம். தண்ணீரில் இருக்கிறவன் தன் வீட்டுக் குரலைப் பிடித்துக்கொண்டு கோல் ஊன்றி நேராக வருவான். அந்த வழியில் கல் இருக்காது, வலை கட்டுகிற கழி இருக்காது. அதனால்தான் பனி நேரத்தில் ஒருத்தி தன் துறையை விட்டு வேறு இடத்தில் நின்று கூப்பிடவே கூடாது. பிள்ளைகள் விளையாட்டுக்குக் கூவினால்கூட முதுகுத் தோலை உரித்துவிடுவார்கள்.

எங்கள் அம்மாவின் கூவல் அடியில் தொடங்கி, மெல்ல மேலே போய், அங்கே நின்று, உடைந்து இறங்கும். அந்த உடைசலை வேறு யாராலும் போட முடியாது. நைனா அதைக் கேலி பண்ணுவார். "ஒங்கம்மா கூப்டுறத கேட்டா வராதவனும் வந்துடுவான், இன்னா கோவத்துல கீறாளோன்னு" என்பார். அம்மாவுக்கு உள்ளூரப் பெருமை.

ஒரு பனிக் காலையில் கரையோரம் நடக்க வந்த சார் அதைக் கேட்டுவிட்டார். மறுநாளே டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் துறைக்கு வந்தார். அன்றைக்குப் பனி விலகியிருந்தது. எல்லாப் படகுகளும் கரையேறியிருந்தன. அம்மா வெட்கப்பட்டாள். நைனாதான், "பெரிய மனுஷன் கேக்கறாரு, ஒரு வாட்டி கூப்டேன்" என்றார். அம்மா கூப்பிட்டாள். அவர் டேப்பில் பிடித்துக்கொண்டு, மிஷினை நிறுத்திவிட்டார். நான் இறால் கூடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். சித்தப்பா அங்கே இல்லை, ஏலம் போடுகிற இடத்துக்குப் போயிருந்தார்.

அப்போது அம்மா அவரிடம் பேசினாள்.

"சார், எடுத்துக்கினீங்க, சரி. வூட்டுல வச்சி கேளுங்க. ஆனா பனி நேரத்துல வெளிய வுட்டுடாதீங்க. தண்ணி மேல இந்தக் குரல் போச்சுன்னா இவரு அந்தப் பக்கம் திருப்பிடுவாரு. கோட்டை மேட்டாண்ட தண்ணிக்குள்ள கல்லு கீது. படகு தாங்காது. புரிஞ்சுதா சார்?"

சார் கண்ணை மூடியிருந்தார். காது அம்மா பக்கம் சாய்ந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார்.

அம்மா இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை நிறுத்தி, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். நைனா பெரிய நண்டு ஒன்றைக் காலைக் கட்டி அவர் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார். "எவ்ளோ அக்கறையா கேட்டுக்கினாரு பாரு" என்று அவர் போனதும் சொன்னார் நைனா.

அடுத்த தை மாதம் ஹாலந்துக்காரர்கள் வந்தார்கள். விடியற்காலையில் படகில் போய்ப் பூநாரை பார்ப்பது, திரும்பினதும் கோட்டை மேட்டில் கச்சேரி, அப்புறம் கல்லறையில் மாலை போடுவது என்று ஏற்பாடு. கச்சேரிக்கு சார் வைத்த பெயர் டச்சு மொழியில் இருந்தது, எங்கள் யார் வாய்க்குள்ளும் நுழையவில்லை. கதை இதுதான்: டச்சுக் கப்பல் ஒன்று பனியில் வழி தெரியாமல் நிற்கிறது, கப்பல்காரனின் பெண்டாட்டி கரையில் நின்று கூப்பிடுகிறாள். எந்தக் கப்பல்காரனின் எந்தப் பெண்டாட்டி எங்கள் ஊர்ச் சேற்றில் இறங்கி நின்றாளோ! மெட்ராஸிலிருந்து வந்த வயலின்காரர்கள் நாற்காலியில், நாங்கள் வெள்ளைத் தாவணியில் பின்னால். ஒத்திகையில் அந்தப் பெண்டாட்டி கூப்பிடுகிற இடம் வந்தால் சார் கையைக் காட்டி எங்களைச் சும்மா இருக்கச் சொல்லுவார். "அது அன்னைக்கு வரும்" என்பார். மெட்ராஸிலிருந்து யாரோ பாட வருகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குப் பார்த்து அப்படிப் பனி. பூநாரை பார்க்கப் போகவே முடியவில்லை. கச்சேரியைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாமா என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். சாருக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. "இந்தப் பனிக்காகத்தானே டீச்சர் காத்துக்கிட்டிருந்தேன்!" என்றார். குழாய் ஸ்பீக்கர்களை ஜனங்கள் பக்கம் வைக்காமல் ஏரியைப் பார்த்து வைக்கச் சொன்னார். சத்தம் தண்ணீர் மேல் போய்விட்டுத் திரும்பி வர வேண்டுமாம்.

என் பாட்டைக் கேட்கப் புதுப் புடவை கட்டியிருந்த அம்மா, பனியைப் பார்த்ததும் கச்சேரிக்கு வராமல் துறைக்குப் போய்விட்டாள். நைனாவும் சித்தப்பாவும் ஏரியில் இருந்தார்கள்.

கச்சேரி பாதியில், நாங்கள் சும்மா இருக்க வேண்டிய இடம் வந்தது. ஸ்பீக்கரில் அம்மா கூப்பிட்டாள். ஒரு கணம், அம்மா வந்துவிட்டாள் போல என்றுகூட நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அப்புறம்தான் விளங்கியது. வரிசையை விட்டு ஓடினேன்.

"சார், நிறுத்துங்க! நைனா தண்ணியில கீறாரு! நிறுத்துங்க சார்!"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. என் பக்கம் காதைச் சாய்த்தார். இடது கையைத் தாழ்த்தி வயலின்காரர்களை மெதுவாக வாசிக்கச் சொன்னார், நான் கத்துவது நன்றாகக் கேட்கட்டும் என்று. உதட்டில் சிரிப்பு. டேப் ஓடுகிற மேஜைக்கு ஓடினேன். மைக் செட்டுக்காரர், "ஏய் பாப்பா, ஷாக் அடிக்கும்" என்று என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். திமிறினேன், கடித்தேன், விடவில்லை. ஸ்பீக்கரில் அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தத்துக்கு அடியில், தூரத்தில், எங்கள் துறையிலிருந்தும் அம்மா கூப்பிடுவது கேட்டது. தன் குரலையே ஜெயிக்கப் பார்த்துத் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். மிஷினோடு யார் போட்டி போட முடியும்?

வாசித்து முடித்தார்கள். கை தட்டினார்கள். தட்டி ஓய்ந்ததும் பனிக்குள்ளிருந்து சித்தப்பா "அண்ணா, அண்ணா" என்று அலறுவது கேட்டது. அந்தப் பாழாய்ப்போன ஆள் அதற்கும் காதைச் சாய்த்தார்.

முன்னால் நின்று கோல் ஊன்றியது நைனா. படகு கல்லில் ஏறித் தூக்கியடித்ததில் தலைகுப்புறக் கல் மேலேயே விழுந்திருக்கிறார். தூக்கிக்கொண்டு வந்தபோது உயிர் இல்லை. சித்தப்பா மணலில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு சொன்னதையே சொன்னார். "ரெண்டு பக்கமும் அண்ணி குரல் கேட்டுது. 'இதாண்டா கிட்டக்க கேக்குது, திருப்பு'ன்னாரு. நான்தான் திருப்பினேன்."

குப்பத்துத் தலைவரை நாட்டார் என்போம். காரியம் முடிந்ததும் நாட்டார் வீட்டு வாசலில் ஊர்க்கூட்டம் போட்டு சாரைக் கூப்பிட்டார்கள். வந்தார். முகம் வெளுத்துத்தான் இருந்தது, அழக்கூட அழுதார். "எனக்கு ரொம்ப வருத்தமா இருக்குங்க. ஆனா இப்படி ஆகும்னு யாருமே என்கிட்ட சொல்லலையே" என்றார்.

"நான் சொன்னேன்" என்றாள் அம்மா. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போயிருந்ததால் காற்றாகத்தான் வந்தது. "ரெண்டு வாட்டி சொன்னேன்."

"இல்லம்மா. சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார் அவர். அந்த மாதிரி ஒரு குரலில் சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

அம்மா சொன்னதைக் கேட்டவர்கள் நானும் நைனாவும்தான். நைனா போய்விட்டார். நான் எழுந்து, "எங்கம்மா சொன்னாங்க, நான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன்" என்று கத்தினேன். "பொட்டப்புள்ள, ஆத்தாளுக்குத்தான் பேசுவா, ஒக்காரு" என்று ஒருவர் அடக்கினார். படித்த மனுஷன் எதற்குப் பொய் சொல்லப்போகிறார் என்றார்கள். பேச்சு மெதுவாக அம்மா பக்கம் திரும்பியது. படகுக்கு வைத்திருக்கிற குரலை எவனோ ஒருவனுக்கு எடுத்துக் கொடுக்கலாமா? கொடுத்தவள் எச்சரித்தாவது விட வேண்டாமா? சார் அந்த வாரமே வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். பழி எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

அதற்கப்புறம் அம்மாவைத் துறையில் நிற்க விடவில்லை. பனிக் காலங்களில் சித்தப்பா படகுக்குச் சித்திதான் போய்க் கூப்பிட்டாள். அம்மா வீட்டுக்குள் கருவாட்டுக் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சித்தப்பா கெட்டவர் இல்லை. மீன் கொண்டுவந்து வாசலில் வைப்பார், என் பீஸ் கட்டினார். ஆனால் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார், எங்கள் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஒரே ஒரு தடவை அம்மா அவரிடம் கேட்டாள். "நான் சொன்னேன்னா நம்ப மாட்டியா நீ?" அவர் தலையைத் திருப்பிக்கொண்டு, "சொல்லியிருந்தா அண்ணன் இருந்திருக்கும் அண்ணி" என்றார். அம்மா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நாளாக நாளாக, நிஜமாகவே சொன்னோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "நான் சொன்னேன் இல்லடி செல்வி?" என்று சோறு போடும்போது திடீரென்று கேட்பாள். "சொன்னேம்மா, ரெண்டு வாட்டி சொன்னே" என்பேன் நான்.

இதற்கிடையில் அந்த ஆள் வளர்ந்தார். ஹாலந்துக்குப் போனார், அங்கே சொல்லிக்கொடுத்தார், மெட்ராஸுக்குத் திரும்பி வந்து பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பொன்னேரியில் டைப்பிஸ்ட் வேலைக்குச் சேர்ந்தபின் பேப்பரில் அவ்வப்போது அவர் படத்தைப் பார்ப்பேன். "நுட்பமான செவி" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை வடை மடிக்க வைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குப்பத்து வீட்டில் இருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. பாட்டு சார். தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டை மட்டும் அதே மாதிரி கசங்காமல் இருந்தது. கையில் பழக்கூடை. கார் சத்தம் கேட்டுச் சித்தப்பாவும் வந்து, வழக்கம்போல நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

அந்தப் பழைய டச்சுச் சங்கீதத்தை மெட்ராஸில் பெரிய அரங்கத்தில் திரும்பவும் வாசிக்கப்போகிறார்களாம். "டேப் தேய்ஞ்சு போச்சும்மா. எத்தனையோ பேரைக் கூப்பிடச் சொல்லிப் பார்த்துட்டேன், உங்க குரல் யாருக்கும் வரலை. நீங்களே மேடையில வந்து நிக்கணும்" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பழக்கூடையைத் தெருவில் எறிந்திருப்பேன். அம்மா கையைப் பிடித்து என்னை உட்காரவைத்தாள்.

"அத்த அப்புறம் பேசலாம் சார்" என்றாள். "அன்னிக்கி தொறையாண்ட நீங்க புடிச்சி முடிச்சதும் நான் ஒங்களாண்ட பேசினேனா இல்லியா?"

"பேசினீங்களே. ரெண்டு தடவை பேசினீங்க. அதை மறக்க முடியுமா?" என்றார் அவர் உடனே.

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா பேசினேன்?" என்றாள் அம்மா.

அவர் யோசித்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு கண்ணை மூடி, காதைச் சாய்த்து, வாயைத் திறக்காமல் முனக ஆரம்பித்தார்.

அது அம்மாவின் பேச்சு. முதலில் தணிந்து, மரியாதையாக: சார், எடுத்துக்கினீங்க, சரி. அடுத்து கொஞ்சம் எழும்பி, "பனி நேரத்துல" என்ற இடத்தில் அழுத்தி. "தண்ணி மேல" என்று போகிறபோது வேகம் கூடியது. "கல்லு கீது" என்ற இடத்தில் அம்மாவின் குரல் அன்றைக்கு லேசாகப் பிசிறியது, அந்தப் பிசிறும் வந்தது. கடைசியில் "புரிஞ்சுதா சார்" என்று தூக்கிக் கேட்டது வரை, எழுத்து எழுத்தாக எண்ணிக்கொள்ளலாம், ஆனால் அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. முடித்துவிட்டு மூச்சு வாங்கி, இரண்டாம் தடவை அம்மா நிறுத்தி நிறுத்திச் சொன்னதையும் முனகினார்.

சித்தப்பா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். அண்ணியின் பேச்சை வாழ்நாளெல்லாம் கேட்டவர் அவர், அண்ணி எச்சரிக்கிற பேச்சு அது என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே வந்து, அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். "அண்ணி" என்றார். அம்மா அவர் தலையில் கை வைத்தாள்.

சார் கண்ணைத் திறந்தார். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கரெக்டா இருந்ததாம்மா?" என்று கேட்டார்.

"கரெக்ட்டா கீது சார்" என்றாள் அம்மா.

அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.